ரத்துப் பத்திரம்

வெள்ளகோவில் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் பாதியை வாடகைக்குப் பிடித்து
பதினோரு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
அதிகாரம் என்ற சொல்லை
நாளுக்கு அறுபது தடவையாவது தட்டுவேன்.
இப்போதெல்லாம் 'அதி' வரை போனால் போதும்,
மீதியைக் கணினியே முடித்துவிடுகிறது.

விற்க அதிகாரம்.
கிரயத்தொகை வாங்க, ரசீது தர அதிகாரம்.
கிணற்று மின் இணைப்பைப் பேர் மாற்ற,
வழக்காட, வக்கீல் வைக்க, ராஜியாகிப் போக.
கடைசியில் எல்லாவற்றையும் மூட்டை கட்ட ஒரு வரி:
'நானே நேரில் இருந்து செய்தால் எப்படியோ அப்படியே.'
அவ்வளவுதான்,
ஓர் ஆள் இன்னோர் ஆளாகிவிடுவார்.

வேறு இடங்களிலும் இந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன்.
பள்ளியில் பத்துப் பாட்டு சேர்ந்தால் ஓர் அதிகாரம்;
ஒப்பித்து முடித்தால் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.
வீட்டில் டிவியை நிறுத்தச் சொன்னால்
'அதிகாரம் பண்ணாதீங்கப்பா' என்பாள் மகள்,
நிறுத்தாமலே.
'ஆபீசரை விட, டோக்கன் கூப்பிடறவனுக்குத்தானுங்க
அதிகாரம் எச்சு' என்பார் டீக்கடைக்காரர்.
அவர் டீயை ஆபீசுக்குள் கொண்டுபோவதும்
அந்த டோக்கன்காரர் தலையசைத்தால்தான்.

செவ்வாய்க்கிழமை வேலாத்தாள் வந்தாள்.
நூல் மில்லில் இரவு ஷிப்ட் முடித்து நேராக;
தலைமுடியில் பஞ்சு.
புருஷன் தம்பி சென்னியப்பனுக்கு
ஏழு வருஷம் முன்பு கொடுத்த பவரை
ரத்துப் பண்ணோணுமாம்.
மூன்று ஏக்கர் கொறங்காடு.
கிளுவை வேலியைப் பிரித்து
சோலார்காரர்கள் கல் நட்டிருக்கிறார்கள்.
ஆடு ஓட்டிப் போனவர் சொல்லித்தான் தெரியுமாம்.

பழைய பத்திரத்தை உரக்கப் படித்துக் காட்டினேன்.
நடுவில் நிறுத்தினாள்.
'அதிகாரத்தைக் குடுத்தேன்னு எழுதியிருக்குதுங்களே,
குடுக்கறதுக்கு முன்னால அது எங்கீங்க இருந்துச்சு?'

'உங்ககிட்டத்தானுங்க.'

'எங்கிட்டயா?'
சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.
'இருக்குதுன்னு ஒருத்தருஞ் சொல்லலீங்களே.
குடுன்னு கேட்டப்பத்தான்
இருந்ததே தெரிஞ்சுதுங்க.'

வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்.
போன மாசமே இரண்டு ஏக்கரும் சொச்சமும்
இருபத்தெட்டு வருஷக் குத்தகைக்குப் போயிருந்தது.
ரத்துக்கு முன்னால் முகவர் செய்தது செல்லும்.
சட்டத்தை நான் எழுதவில்லை,
ஆனாலும் அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.
ஜெராக்ஸ் மிஷின் ஓடி நிற்கிற வரை
அவள் எதுவும் பேசவில்லை.

'மிச்சம் எத்தனைங்க?'
'எழுபத்தெட்டு சென்ட். படலோட இருக்கற மூலை.'
'அதுக்கு எழுதுங்க.'

எழுதினேன்.
மேற்படி அதிகாரத்தை இன்று முதல் ரத்து செய்து,
என்று தட்டும்போது
கணினி வழக்கம்போல் முந்திக்கொண்டு
'அதிகாரத்தை வழங்கி' என்றது.
அழித்தேன். இன்னொரு தடவையும் அழித்தேன்.

பழைய பத்திரத்தில்
கையெழுத்து இடத்திலும் பெருவிரல் ரேகைதான்.
'எழுதத் தெரியும்னு சொல்றதுக்குள்ள
மையை வெச்சுட்டாங்க' என்றாள்.
என் பேனாவை வாங்கி
பக்கத்துக்குப் பக்கம் முழுப் பேரும் எழுதினாள்.
'த்' புள்ளியை ஒவ்வொன்றிலும் அழுத்தி,
தாள் மறுபுறம் புடைக்கிற அளவுக்கு.
வெளியே டோக்கன்காரர் இரண்டு தடவை கூப்பிட்டார்.
எழுதி முடித்துத்தான் எழுந்தாள்.

அவள் பையோடு என் பேனாவும்
முத்தூர் பஸ்ஸில் போய்விட்டதைப்
பிற்பாடுதான் கவனித்தேன்.

அடுத்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
'ஒரு பவர் எழுதோணுங்க.'
'யாருக்குங்க?' என்று கேட்டுக்கொண்டே
பேனா தேடினேன்.