தடைக்கால நீலம்

ஏப்ரல் பதினைந்திலிருந்து
விசைப்படகுகளுக்குக் கடல் கிடையாது.
அறுபத்தொரு நாள்
முதுநகர்த் துறைமுகத்தில்
விலாவோடு விலா ஒட்டி நிற்கும்.
அசையாத மாடல், காசும் கேட்காது
என்றார் கோதண்டபாணி.
மின்வாரியத்தில் கணக்கீட்டாளர்,
எங்கள் ஞாயிறு ஓவியக் குழுவுக்கு
நாற்காலி சுமப்பவர்.

ஒன்பது பேர் என்று பெயர்.
அக்னி நட்சத்திரம் பிறந்ததும் ஐந்து.
எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும்.
அதற்குமேல்
தூரிகை தாளைத் தொடுவதற்குள்
தண்ணீர் மனசு மாறிவிடுகிறது.

முதல் வாரம் எங்களை
மீன்வளத் துறை என்று நினைத்தார்கள்.
நிவாரணப் பணம் எப்ப வரும் என்று
ஒரு அம்மா என் பலகையைப் பிடித்துக்கொண்டார்.
படம் வரைகிறோம் என்றேன்.
இதுக்கு யாரு சம்பளம் குடுக்குறா?
அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

ரத்தப் பரிசோதனைக் கூடத்து நசீமா
பென்சிலைத் தவிர வேறு தொடமாட்டாள்.
வாரம் முழுக்கச் சிவப்பைத்தானே பார்க்கிறேன் என்பாள்.
தவளக்குப்பத்திலிருந்து பைக்கில் வரும் ஜெரால்டு
இத்தனை படகையும் விட்டுவிட்டு
வலைமேல் தூங்கும் நாயை வரைவான்.
அது புரண்டு படுத்தால் திட்டுவான்.

நான் கூட்டுறவு வங்கியில் காசாளர்.
எனக்கு வாய்த்தது ஒரு நீலப் படகு.
நீலம் என்றால் தீர்ந்துவிடுமா?
முகப்பில் ஒன்று.
உப்பு அரித்த இடத்தில்
கரைந்த சோப்பு மாதிரி இன்னொன்று.
டயர் உரசி உரசிக்
கறுப்புக்கும் போய்ச் சேராத ஒன்று.
உப்பனாறு கீழிருந்து வெளிச்சம் எறிகிற
அந்தப் பத்து நிமிஷத்துக்கு மட்டும்
அடிப்பலகையில் வந்து போகிற ஒன்று.
மூன்று ஞாயிறு, பதினொரு தாள்.
கோபால்ட்டில் துளி பழுப்பு,
பிறகு அதில் பாதித் துளி.
இன்னும் ஒரு வாரம், கிடைத்துவிடும் போலிருந்தது.

நான்காம் ஞாயிறு படகு பச்சை.

பாதி பச்சை. மீதியை ஒருவர்
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
நாலங்குல பிரஷ்ஷால் மூடிக்கொண்டிருந்தார்.
ஏன் மாத்தினீங்க?
மச்சான் படகுக்கு வாங்கினதுல
ரெண்டு டின் மிச்சம்.
திரும்பி என் தாளைப் பார்த்தார்.
நீங்களும் பெயிண்டரா?
ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல.
கயிறு இப்பிடித் தொங்குனா
ராத்திரியே படகு போயிடும் என்று
தேசப்பன் விரலால் காட்டிய இடத்தில்
என் வானத்தில் ஒரு பச்சை ரேகை.
எனாமல். எடுக்க வராது.

அடுத்த வாரம் அவரே கேட்டார்:
எழுத்து நல்லா வருமா?
எழுதுற பையன் கல்யாணத்துக்குப் போயிட்டான்.
பலகை கட்டி என்னைத் தொங்கவிட்டார்கள்.
கீழே டீசல் மினுக்கும் தண்ணீர்.
கெங்கையம்மன் துணை.
கெங்கை உட்கார்ந்தாள், அம்மன் உட்கார்ந்தாள்,
கடைசி எழுத்தில் பக்கத்துப் படகு வந்து இடித்தது.
ணையின் கொம்பு எகிறிவிட்டது.
அழிச்சு எழுதட்டுமா?
தேசப்பன் தள்ளி நின்று
தலையைச் சாய்த்துப் பார்த்தார்.
இருக்கட்டும். கடல்ல யாரு படிக்கப்போறா.

தடை முடிந்து வந்த ஞாயிறு
துறையில் தண்ணீர் மட்டும். பிறகு அந்த நாய்.
எங்கோ இருபது பாகம் ஆழத்துக்கு மேலே
என் கோணல் ணை நனைந்துகொண்டிருக்கும்.
வெறும் தண்ணீரையும் வரையலாம்,
அதுவும் பயிற்சிதான் என்று
கோதண்டபாணி நாற்காலியை விரித்தார்.
யாரும் உட்காரவில்லை.
நசீமா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
கை நீட்டினாள்:
அந்த நீலம் கொஞ்சம் மிச்சம் இருக்கா?

தட்டில் வெடித்துக் கிடந்தது.
ஒரு சொட்டு தண்ணீர் விட்டேன்.