ஃபார்மலின் இல்லாமல்

பிப்ரவரியில் தார்த்துவின் ஆற்றில் நடக்கலாம்.
குறுக்கே போனால் ஆய்வகத்துக்கு ஏழு நிமிடம்,
பாலம் வழியென்றால் பதினெட்டு.
ஹெல்துர் எப்போதும் பாலம்தான்.
நான் பனிமேல்.

ஒன்பது ஆர்ஜினின் கோத்த சரம்.
வாலில் மருந்து,
தலையில் பச்சையாய் ஒளிரும் சாயம்.
செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்புத் தோல்
முன்பின் தெரியாத எதையும் அண்ட விடாது.
இந்தச் சரத்தை மட்டும் விட்டது,
பத்தே நிமிடத்தில்,
ஊர் பேர் கேட்காமல்.

படத்தில் செல் முழுக்கப் பச்சை.
உட்கரு வரை பச்சை.

லேலோ ஏலக்காய் மணக்கும் பின்னல் ரொட்டி வாங்கி வந்தாள்.
ஹெல்துர் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டினார்.
வில்யாந்தியிலிருந்து மைரே என்றொரு தாயின் கடிதம்
பத்து நாளாய் என் மேசையில் கிடந்தது.
மகன் பெயர் தாவி, வயது ஒன்பது,
தசை கரைகிறது,
படியேற இப்போது கைப்பிடி போதவில்லை.
எப்போது என்று
மூன்று இடங்களில் கேட்டிருந்தாள்.

எனக்கு அந்த வேகம்தான் உறுத்தியது.
நாலு டிகிரி குளிரிலும் நுழைந்ததே,
அந்தக் குளிரில் செல் ஒரு வாய்கூட விழுங்காதே.

பார்ப்பதற்கு முன் ஃபார்மலினில் நனைக்கிறோம்.
அசையாமல் இருக்கட்டும் என்று.
எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்,
என் ஆசிரியரும் அப்படித்தான்.
அசையாமல் இருக்கிறது, சரி.

சாவு வீட்டில்
யார் கதவைத் தட்டிவிட்டு நுழைகிறார்கள்?

சனி இரவு தனியாக,
ஃபார்மலின் புட்டியைத் தொடாமல்,
உயிரோடிருக்கும் செல்களைப் பார்த்தேன்.

பச்சை எங்கும் பரவவில்லை.
புள்ளி புள்ளியாக, நாற்பது இருக்கும்,
ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பை.
செல் அதை விழுங்கிப்
பைக்குள் போட்டு வாயைக் கட்டிவிட்டது.
உள்ளே அமிலம் ஏறிக்கொண்டிருந்தது.
வயிற்றுக்குள் போய்விட்டது மருந்து,
மனசுக்குள் போகவில்லை.

மூன்றரை மணி வரை ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு ஓரத்தில் ஒரு பை
மங்கி, நடுங்கி,
சட்டென்று கசிந்தது.
மெல்லிய பச்சை, தண்ணீரில் விட்ட பால்போல,
செல் முழுக்க.

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.
பிறகு உட்கார்ந்தேன்.
இரண்டு மணி நேரமாய் அதே இடத்தில்
விளக்கைப் பாய்ச்சிக்கொண்டிருந்தவள் நான்.
அது தானாகத் திறந்ததா,
நான் பார்த்துப் பார்த்தே பொத்தலாக்கினேனா?
விளக்கை அணைத்தால் தெரிந்துவிடும்.
அணைத்தால் எதையும் பார்க்க முடியாது.

விடியும்போது ஆற்றின் நடுவில்
காலடியில் ஒரு சத்தம், துணி கிழிவதுபோல.
நின்றேன்.
கீழே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

திங்களன்று ஹெல்துர் படத்தைக் கழற்றினார்,
ஒட்டுத்தாள் சுவரின் சாயத்தையும் கொஞ்சம் கொண்டுபோனது.
மீந்த ரொட்டியை யாரும் தொடவில்லை.

மைரேவுக்கு இரண்டு வரி எழுதினேன்:
நுழைந்துவிட்டது.
இன்னும் போய்ச் சேரவில்லை.
எப்போது என்ற இடத்தைக்
காலியாக விட்டு, கையெழுத்துப் போட்டேன்.