சிவப்புத் துணி

விடிகாலை நான்கரைக்குக் கிளம்ப வேண்டும்.
வரவேற்பறைத் தரையெங்கும் இப்போதே
போர் பரப்பிக் கிடக்கிறது.

காலுறை ஆறு ஜோடி, ஜோடிக்கொரு பிளாஸ்டிக் பை.
மூவாயிரம் வெள்ளைக் குண்டுகள்,
மிளகைவிடச் சற்றே பெரியவை,
மண்ணில் மட்கிவிடுமென்று உறைமேல் சத்தியம்.
கயானிக் காட்டுக் குளிரில் பேட்டரி விறைக்கும்,
அதனால் மூன்று இரவும்
தூக்கப்பைக்குள் என்னோடுதான் அது.
“கொடுத்துவைத்த பேட்டரி” என்கிறாள் ரைலி.

முதுகுப்பை இருபத்து மூன்று கிலோ.
பல்துலக்கியின் காம்பை ரம்பத்தால் அறுத்தேன்.
நான்கு கிராம் மிச்சம்.
அரைக்கிலோ சாக்லேட்டை வெளியே எடுத்து
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
உள்ளேயே வைத்தேன்.

எல்லாம் கட்டியபின், கைக்கு எட்டுகிற மாதிரி,
கடைசியாக வைக்க வேண்டியது சிவப்புத் துணி.
குண்டு பட்டவன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்.
போட்டவன் பேசக் கூடாது.
பழைய சமையலறைத் திரையில் ரைலி வெட்டித் தந்தது,
ஓரத்தில் இன்னும் ஒரு கோழி.

நான்கு நாற்பது.
தார்மோவின் காரில் உறைபனி சுரண்டுகிறோம்.
மூன்றாம் மாடியிலிருந்து
ரப்பர் செருப்போடு ஓடி வருகிறாள்,
கையில் கோழி.

“இதை விட்டுவிட்டுப் போய்
எப்படிச் சாவாய்?”

தார்மோ விழுந்து விழுந்து சிரித்தான்.
அவள் சிரிக்கவில்லை.
துணியை நாலாக மடித்து
என் மார்புப் பையில் திணித்து
பொத்தானைப் போட்டாள்,
போட்டதை இன்னொரு தரம்
தொட்டுப் பார்த்தாள்.