மூன்று விரல்

சாயல்குடியில் மாறி மூக்கையூர் பஸ்ஸில் ஏறினால்
மருந்துப்பெட்டியை மடியில்தான் வைத்துக்கொள்வேன்.
கண்டக்டர் ஒருமுறை கேட்டார், உள்ளே என்ன, இறாலா என்று.
சிரித்தேன். பூட்டிய பெட்டி.
அதற்கொரு பதிவேடு, பதிவேட்டுக்கு இரண்டு கையெழுத்து.

இன்னாசிக்கு இடது கன்னம் திறந்துவிட்டது.
பேச்சு போய் ஏழு மாதம்.
எழுதப் பழகாதவர்.
விரலால் சொல்லுங்கள் என்றேன்:
வலி இல்லையென்றால் மூடிய கை,
தாங்கவே முடியாதென்றால் பத்து,
நடுவில் உள்ளதை நீங்களே பார்த்து.

இடது கை துண்டைக் கன்னத்தோடு அழுத்தியிருந்தது.
வலது கையைத் தூக்கினார்.

மூன்று என்று எழுதினேன்.
மூன்றுக்குப் பாரசிட்டமால்.
அடுத்த செவ்வாயும் மூன்று.
அதற்கடுத்த செவ்வாய் மழை, பஸ் இல்லை,
ஐஸ் வண்டியில் வந்து இறங்கினேன். அன்றும் மூன்று.
படிவத்தில் பார்க்க நன்றாக இருந்தது,
ஒரே மட்டத்தில் புள்ளிகள்,
கோடு இழுத்தால் அலையில்லாத கடல்.

மிக்கேலம்மா கணவாய் அலசிக்கொண்டிருந்தாள்.
மை வழியும் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.
"என்ன சிஸ்டர் எழுதுறீக?"
மூணு.
"எதை வச்சு மூணு?"
அவர்தானே காட்டினார்.
புருஷனின் கையைப் பிடித்து
ஏலத்தில் மீனின் செவுளைப் பிரித்துக் காட்டுவதுபோல்
என் முகத்துக்கு நேரே விரித்தாள்.
"அந்தக் கையில இருக்கதே அம்புட்டுத்தான்.
மத்தது வின்ச்சுல போயிருச்சு.
இந்த மனுசன்
இருக்கதெல்லாம் தூக்கிக் காட்டிருக்காரு."

மூன்று வாரம் அந்தக் கையில்தான் நாடி பார்த்தேன்.
மோதிர விரலும் சுண்டு விரலும் இருந்த இடம்
வழவழவென்று இருப்பதுகூட எனக்குத் தெரியும்.

டாக்டரிடம் பேச மணல்மேட்டுக்குப் போகவேண்டும்,
சிக்னல் அங்கேதான்.
செருப்பு மாட்டாமல் போனது திரும்பும்போதுதான் சுட்டது.

மார்பின். உளுந்தில் பாதி அளவு மாத்திரை.
பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஸ்பூனில்.
கசக்கும்.
காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு,
ராத்திரி பத்துக்கு மட்டும் இரண்டாக.
மலம் இறுகும், அதற்கொரு மருந்து, அதை மறக்கவே கூடாது.
வலி வந்த பிறகு அல்ல, வரும் முன்பே.
"வலியே இல்லேன்னாலும் குடுக்கணுமா?"
ஆமாம்.
கொஞ்சம் யோசித்தாள்.
"கச்சான் அடிச்ச பொறகு பாயைச் சுருட்டுறவன் கிறுக்கன்.
சரி, குடுங்க."

சவேரியான் வாசலில் நின்று கேட்டார்,
அது போதை மருந்துல்ல, பழகிப்போயிருமே.
"பழகட்டும்" என்றாள்,
கணவாய்ச் சட்டியிடம் திரும்பி உட்கார்ந்தபடி.
"வலி மட்டும் பழகலாமாக்கும்."

செவ்வாய் வரை பொறுக்கவில்லை, வெள்ளியே போனேன்.
தூங்கிக்கொண்டிருந்தார். துண்டு தரையில் கிடந்தது.
இடது கை நெஞ்சின்மேல், ஐந்து விரலோடு.
அந்தக் கையை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.
"நேத்து எந்திரிச்சு நண்டு வலையில நாலு கண்ணி முடிஞ்சாரு.
எல்லாம் தப்பு.
தூங்குனதும் நான் அவுத்துட்டேன்."

விழித்ததும் கேட்டேன், இப்போது எத்தனை?
கட்டைவிரலை மட்டும் நிமிர்த்தினார்.
ஒன்று என்றா, நல்லது என்றா,
கேட்கவில்லை.
ஒன்று என்று எழுதினேன்.

ஐப்பசி முடியும்போது
மிச்ச மாத்திரையைத் திரும்ப வாங்கப் போனேன்.
ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தாள். பதினொன்று.
இருவரும் தனித்தனியாக எண்ணினோம்.
பதிவேட்டில் மேலே அந்த மூன்று மூன்றுகளும்
அப்படியே இருக்கின்றன.
அடித்து எழுத விதி இல்லை.

கைநாட்டு வைத்த பெருவிரலைத் துடைக்க
கொடியிலிருந்து ஒரு துண்டை இழுத்தாள்.
பாதி துடைத்தவள் நிறுத்தி
அதை மடித்து உள்ளே வைத்துவிட்டு
சேலையில் துடைத்துக்கொண்டாள்.