மிட் மதி

இரவு பதினொன்று. வெள்ளவத்தை, நாலாம் மாடி.
ஹெட்போனுக்குள் நான்.
கீழ்வீட்டுக்காரர் தூங்குகிறார்,
நான் எழுப்பும் பேரிரைச்சலில் ஒரு துளியும் சிந்தாமல்.

சாப்பாட்டுப் பெட்டியளவு ஒரு கறுப்புப் பெட்டி.
அதற்குள் நூற்றிப்பத்து அம்ப்.
ஒன்றையும் நான் படியேற்றியதில்லை.
தெரியாத ஊரில், தெரியாத அறையில்,
ஸ்பீக்கர் முன் மைக்கை வைத்துவிட்டு
யாரோ மூச்சைப் பிடித்திருந்த கணம்
என் கட்டிலோரம் பச்சை எழுத்தாய் மின்னுகிறது.

மூன்று கிழமை இருந்து ஆக்கினேன்.
பைலாவுக்கு ஒன்று, சொடக்குப் போட்டதுபோல்.
பழைய தமிழ்ப் பாட்டுக்கு ட்ரெமலோ நடுங்க ஒன்று.
ரொக்குக்கு மூன்று.
சோலோவுக்கு,
டிலே நானூறு மில்லிசெக்கன்,
றிவேர்ப் ஒரு தேவாலயம் முழுக்க.
அதற்குப் பெயர் 'கடல்'.
பிறகு 'கடல் 2'.
பிறகு 'கடல் கடைசி'.
பிறகு 'கடல் உண்மையாகவே கடைசி'.

சனிக்கிழமை, கொள்ளுப்பிட்டி, ஹோட்டலின் ஏழாம் மாடி.
பெண் வீட்டார் தமிழ், மாப்பிள்ளை வீட்டார் சிங்களம்,
எல்லோருக்கும் பொதுவாகப் பசி.
கடலைத் திறந்துவிட்டேன்.

தேவாலயம் மண்டபத்தில் மோதிச் சேறானது.
ஹிமாஷியின் குரல் அதில் கால் புதைய நடந்தது.
இஃப்ளாலின் பேஸ் இருக்கவேண்டிய இடத்தில்
என் கீழ்ச்சுரங்கள்,
நூறாம் நம்பர் பஸ்ஸில்
இரண்டு சீற்றில் பரந்திருக்கும் மனிதனைப்போல.
நான் மட்டும் எங்கேயும் கேட்கவில்லை.

மிக்ஸர் பின்னாலிருந்து நந்தசிறி கத்தினார்:
"மிட் மதி!"

சிங்களத்தில் மதி என்றால் போதாது.
தமிழில் நிலவு. அறிவு.
எந்த மொழியில் எடுத்தாலும்
அந்த நேரம் என்னிடம் அது இல்லை.

கெய்னைப் பாதியாக்கினேன்.
நூற்றிருபது ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டினேன்.
தேவாலயத்தைக் கூரையோடு கழற்றினேன்.
மிட்டை ஏற்றினேன், வெட்கம் வருமட்டும்.
தனியே கேட்டால்
தடிமன் பிடித்தவன் போன் கதைப்பதுபோல் இருந்தது.
ட்ரெவின் நாலு எண்ணி அடித்ததும்
அதுவே வார்த்தையானது.

அத்தோடு முடிந்திருக்கலாம்.

மூன்றாம் பாட்டில், மணமக்களுக்கு இடம்விட்டுப்
பின்வாங்கிய வீடியோக்காரப் பையனின் குதிக்கால்
என் அடாப்டர் வயரைப் பிடுங்கியது.
திரை இருண்டது. பிளக்கைச் செருகினேன்.
பெட்டி நிதானமாக விழித்து
தன்னைச் செய்த கம்பனியின் பெயரை எனக்குக் காட்டியது.
பதினெட்டு செக்கன்.
ட்ரெவின் டிரம்மை உருட்டி உருட்டி
ஓட்டையை மூடினான்.
கைதட்டினார்கள், திட்டமிட்டது என்று.

திரும்பி வந்தது என் சோலோ அல்ல.
இலக்கம் ஒன்று: வாங்கும்போதே உள்ளே இருந்தது,
ஒருநாளும் நான் மிதித்துப் பார்க்காதது.
தேட நேரமில்லை. அடுத்த வரி என்னுடையது.

கிற்றாரில் ஒரு குமிழ் இருக்கிறது.
வாங்கிய நாளிலிருந்து பத்தில் நின்ற குமிழ்.
சின்னி விரலால் நாலுக்கு இறக்கினேன்: தண்ணீர்.
ஏழு: கொஞ்சம் மணல்.
பத்து: ட்ரெவின் நிமிர்ந்து பார்த்தான்.
பிக்கைப் பாலத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் பைலா,
கழுத்துக்கு வந்தால் மாப்பிள்ளையின் சித்திமார்
மெல்ல ஆடுகிறார்கள்.
அன்றிரவு முழுக்க ஒரே ஒரு அம்ப்.
கால் வேலையில்லாமல் தாளம் போட்டது.

நந்தசிறியைப் பார்த்தேன், ஏதும் சொல்வாரா என்று.
அவர் மிக்ஸரில் தட்டை வைத்து
புரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
சவுண்ட்காரர் சாப்பிடும் இரவில் குறை இல்லை.

ஓட்டோவில் வீடு வர இரண்டு மணி.
ஹெட்போன் போட்டு இலக்கம் ஒன்றைக் கேட்டேன்.
படுமோசம்.
'கடல்' அப்படியே அழகாக இருந்தது,
யாரும் கூடப் பாடாத வரைக்கும்.
அழிக்கவில்லை.
பெயரை மட்டும் மாற்றினேன்:
'ஒருவருக்கு'.