நேத்தி

மாதத்தில் ஒரு புதன்
எனக்கு முறிகண்டிப் பிள்ளையாரிட்டை நேத்தி.
மாமிக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறன்.

ஒட்டுசுட்டானில் முதல் பஸ்.
மாங்குளத்தில் மாறி ஏறி
முறிகண்டியில் எல்லாரோடும் இறங்கி
ஒரு தேங்காய் உடைப்பன்,
பொய்யில் பாதியாவது உண்மையாய் இருக்கட்டும் எண்டு.
பிறகு யாழ்ப்பாணம்.
பெரியாஸ்பத்திரி. பேர் எழுதாத ஒரு கதவு.

அவருக்கு இதொண்டும் இல்லை.
மோட்டச்சைக்கிளை உதைச்சால் போச்சு.
கட்டாரால் வந்த ஆம்பிளையை
எங்கை போறாய் எண்டு ஆர் கேட்கிறது?
அவற்றை போத்தல் சாமித்தட்டில், வெளிச்சத்தில்,
'பிறசர் குளிசை' எண்ட பேரோடை.
என்ரை போத்தல் அரிசி வாளிக்குள்,
கிலுங்காமல் இருக்கப் பஞ்சு அடைஞ்சு.
இரவு ஒன்பதுக்கு வீடு நாடகம் பார்க்கும்.
நான் அரிசிக்குள் கைவிட்டுத் தேடுவன்.

என்ரையையும் எடுத்து வாங்கோவன் எண்டு
ஒருக்கால் கேட்டுப் பார்த்தன்.
"உன்ரை ரத்தத்தையும் நானோ கொண்டுபோய்க் குடுக்கிறது?"
அதுக்குப் பிறகு கேட்கேல்லை.
அவருக்குத் தெரிஞ்சு பதினாலு மாதம் கழிச்சுத்தான்
எனக்குத் தெரியும்,
மூண்டாவது வயித்தில் இருக்கேக்கை,
மிட்வைப் பிள்ளை கதவைச் சாத்திப்போட்டுச் சொல்ல.
அவருக்கு வந்தது வருத்தம்.
வெளியில் தெரிஞ்சால்
எனக்கு வரப்போறது பேர்.

திரும்பி வரேக்கை ஒரு சரை கச்சான் வாங்குவன்.
மாமிக்குச் சாட்சி வேணுமெல்லோ.
நாட்கூலிக்குக் கச்சான் பிடுங்கிறவள்
காசு குடுத்துக் கச்சான் வாங்கிறாள்.
பிள்ளையார் சிரிச்சிருப்பார்.

லோன்காரனும் புதன்தான் வருவான்.
குழுவில் அஞ்சு பேர். ஒருத்தி குறைஞ்சாலும்
மற்ற நாலு பேரும் பாயை விட்டு எழும்பேலாது.
என்ரை தவணையைத் தவறஞ்சினியிட்டைக் குடுத்துவிடுவன்.
அவள் ஒண்டும் கேட்க மாட்டாள்.
போன மாதம் மட்டும்
"இந்தமுறை ஏலாது, சாவகச்சேரியில் தம்பி வீட்டை போறன்" எண்டாள்.

பேர் எழுதாத கதவுக்கு முன்னாலை
வாங்கில் அந்தத் தலையில்
சால்வையால் முகம் மூடி ஒருத்தி.
செருப்பைப் பார்த்தன்.
வார் அறுந்து, நீல நூலால் தைச்ச செருப்பு.
தைச்சுக் குடுத்தது நான்.

ரெண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தம்.
நம்பர் கூப்பிட அவள் போனாள். பிறகு நான்.
அவளுக்குப் புருசன் இல்லை,
முள்ளிவாய்க்காலோடை.
என்ரை பொய்யைவிட
அவளின்ரை பொய் பாரம் கூட.

ஒரே பஸ்ஸில்தான் வந்தம், வேற வேற சீற்றில்.
முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்கி
ஏறி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.
சரையைப் பிரிச்சு ரெண்டு பேருக்கும் நடுவிலை வைச்சாள்.
கோது உடைக்கிற சத்தம். கொக்காவில் தாண்டியும்
அந்தச் சத்தம்தான்.

மாங்குளம் வரப்போகேக்கை
யன்னலைப் பார்த்தபடி கேட்டாள்:
"உனக்கு எட்டோ, ஒன்பதோ?"

ஒன்பது எண்டன்.

"எனக்கு எட்டு" எண்டாள்.
மடியில் கிடந்த கோதைத் தட்டிவிட்டாள்.