ஆறங்குல ஸ்கேல்

வாரத்தில் ஆறு நாள் நான் படம் எடுப்பது
கண்டெய்னர்களின் காயங்களை.
ஒடுங்கிய கதவு, அறுந்த சீல், அடித்தகட்டில் துரு.
பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைக்க வேண்டும்,
எவ்வளவு என்று இன்சூரன்ஸ்காரனுக்குத் தெரிய.
அந்தப் படங்களை இதுவரை யாரும்
இரண்டாம் முறை பார்த்ததில்லை.

ஞாயிறு மட்டும் அதே கேமரா
என்னுடையது.

கல்மண்டபத்தில் இறங்கும்போது மணி ஆறரை.
காசிமேட்டிலிருந்து திரும்பும் ஷேர் ஆட்டோக்கள்
கூடையின் ஐஸ் தண்ணீரைச் சிந்திக்கொண்டே போகும்;
அந்த ஈரக்கோட்டைப் பிடித்து நடந்தால்
எந்தச் சந்தில் இன்று வஞ்சிரம் என்று
பூனைகளுக்குத் தெரிவதற்குள் எனக்குத் தெரியும்.

நான் வந்தது ஒரு வீட்டுக்காக.
நெற்றியில் 1938.
கப்பல் மேல்தளம்போல் வளைந்த பால்கனி, மூன்று கம்பி,
உச்சியில் சுண்ணாம்புச் சூரியன்,
கட்சிக்கு முந்தியது.
இடுப்பில் பிரியாணிக்கடை போர்டு,
கழுத்தைச் சுற்றிக் கேபிள் ஒயர்.
பால்கனியை வெயில் தொட ஏழு ஐம்பது ஆகும்,
போன வாரமே குறித்துவைத்திருந்தேன்.

அதுவரை சும்மா இருக்க முடியுமா.
கேரம் போர்டில் பவுடர் தூவும் கை
(மூஞ்சி வேணாண்ணா என்றான், சரி என்றேன்).
தண்ணி லாரி வருமுன்பே
ஆளில்லாமல் சண்டைக்கு நிற்கும் குடங்கள்.
அப்புறம் வாரியக் கட்டடம்:
மாடிப்படிச் சுவரின் ஓட்டைகள் வழியே
வெயில் கட்டம் கட்டமாய் இறங்க,
அதில் ஒருத்தன் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, கார்ப்பரேஷனா?"
இரண்டாம் மாடியிலிருந்து குரல்.
இல்லம்மா.
"மெட்ரோ ரயிலா?"
இல்லம்மா.
"பின்ன இன்னாத்துக்கு எடுக்கற?"
அழகா இருந்துச்சு.
சொன்ன பிறகுதான் கேட்டது எனக்கே.

அவள் உள்ளே பார்த்துக் கத்தினாள்:
"டேய் டெனிசு, நம்ம வூடு அழகா கீதாம்டா!"
மூன்று தளமும் சிரித்தது.
"மேல வா, அழகக் காட்றேன்."

ரவணம்மாவின் சமையல்கட்டில்
கூரை காரை உதிர்ந்து கம்பி தெரிந்தது.
வாசல் நிலைக்கு மேலே தொடங்கி
அடுப்பு மேடைக்குப் பின்னால் மறையும் விரிசல்.
"எய்திக் குட்த்து ரெண்டு வர்சம் ஆவுது.
வந்து பாத்தான். சிறு விரிசல்னு போட்டுட்டுப் போனான்."

சிறு.
எங்கள் தொழிலில் அந்தச் சொல் கிடையாது.
பையில் இருந்தது ஸ்கேல், ஞாயிறு என்றாலும்.
பக்கத்தில் வைத்து எடுத்தேன். பிறகு
உள்ளே விட்டுப் பார்த்தேன்.
நான்கு அங்குலம் போய் நின்றது.
சுவருக்கு அந்தப் பக்கம், பதினேழாம் நம்பரில்
யாரோ மிக்ஸி போட்டார்கள்.
ஸ்கேல் நடுங்கியது.

"இன்னொன்னு என் கைய வச்சு எடு.
ஸ்கேலப் பொய்யின்னுவான்."
புளி கரைத்த கை. கழுவாமலே வைத்தாள்.

அதற்குள் வாசலில் பதினேழாம் நம்பர், கீழ்வீடு,
பல் விளக்கியவன், அவன் அக்கா.
எட்டு வீடு, முப்பத்தொரு படம்.
ஒன்றிலும் வெளிச்சம் சரியில்லை.
டெனிஸின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன்;
மனுவோடு சேர்க்கப் பிரிண்ட் போட
பத்து ரூபாயா இருபதா என்று
படியிலேயே விவாதம் தொடங்கியது.

இறங்கி வந்தபோது மணி ஒன்பதரை.
1938 முன்னால் பிரியாணி அண்டா இறங்கிக்கொண்டிருந்தது.
பால்கனி நிழலில்.
எதிரே நின்று ஒரு டீ குடித்தேன்,
சூரியனுக்கும் கீழே ஒரு மயிர்க்கோடு ஓடுவதை
இப்போதுதான் பார்த்தேன்.

திங்கள் மதியம்
துறைமுகத்தில் இருக்கும்போது ஆபீஸிலிருந்து போன்:
"ஸ்கேல்ல இன்னா சார் அது, வெள்ளையா?
நாலு வரைக்கும் நம்பரே தெரியல.
தொடச்சிட்டு மறுபடி எடுங்க."